படிப்பு கூடினால் வேலையின்மை கூடுமா?

இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 2022-ல் வேலையின்மை விகிதம் 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே அது 29.1 சதவீதம். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின் கணக்கு இது. இளைஞர் என்றால் இங்கே 15 முதல் 29 வயது வரை. இரண்டுக்கும் நடுவே எட்டரை மடங்கு வித்தியாசம். இந்த எண்களைப் பார்த்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "இதுக்குத்தான் காலேஜுக்கு இவ்வளவு பணம் கட்டினோமா?" என்பதுதான்.

பணக்கார நாடுகளின் புள்ளிவிவரத்தை எடுத்தால் கதை தலைகீழ். பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பில், 25 முதல் 34 வயது வரையுள்ளவர்களில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களின் வேலையின்மை பட்டதாரிகளுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே படிப்பு ஆளைக் காப்பாற்றுகிறது. இங்கே மட்டும் அதே படிப்பு ஆளைக் கவிழ்க்குமா?

கவிழ்க்காது. ஆனால் முதல் வேலைக்கான காத்திருப்பை நீட்டும். நம் நாட்டு வேலையின்மை விகிதத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். காத்திருக்க வசதி இல்லாதவர் அதில் வருவதே இல்லை. இது புரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். அதற்கு முதலில் இந்த விகிதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தால்

ஒரு தெருவில் 23 வயதுக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பாவின் டீக்கடையில் காலையும் மாலையும் நிற்கிறார், சம்பளம் என்று எதுவும் இல்லை. இரண்டாவது ஆள் பி.காம் முடித்துவிட்டு, தெரிந்த கம்பெனிக்கெல்லாம் பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் எம்.எஸ்சி, காலை எட்டு மணிக்கெல்லாம் டிபன் பாக்ஸோடு மாவட்ட நூலகத்துக்குப் போய் அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார். நான்காவது, பி.எட் முடித்துத் திருமணமாகி வீட்டில் இருக்கும் பெண். வேலைக்குப் போக ஆசைதான், குழந்தைக்கு ஒரு வயதுதான் ஆகிறது என்பதால் இப்போது தேடவில்லை.

மத்திய அரசின் தொழிலாளர் படை ஆய்வுக்காக ஒருவர் வந்து இவர்களை விசாரிக்கிறார். டீக்கடையில் நிற்பவர் அந்த ஏட்டில் 'வேலையில் இருப்பவர்'. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவினாலும் வேலைதான். வாராந்திரக் கணக்கில் பார்த்தால், கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும். பி.காம் ஆள் 'வேலையற்றவர்': வேலை இல்லை, ஆனால் தேடுகிறார். நூலகம் போகிறவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. "வேலைக்கு முயற்சி பண்றேன்" என்றால் வேலையற்றவர். "படிச்சிட்டிருக்கேன்" என்றால் கணக்கிலேயே வரமாட்டார். இவர் இரண்டாவது பதிலைச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். பி.எட் பெண்ணும் தேடாததால் கணக்குக்கு வெளியே.

வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. அதில் தேடுபவர்கள் எத்தனை சதவீதம் என்பதே வேலையின்மை விகிதம். நம் தெருவில் தொழிலாளர் படை இரண்டே பேர். அதில் தேடுபவர் ஒருவர். எனவே விகிதம் 50 சதவீதம். படித்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 100 சதவீதம். எட்டாம் வகுப்புக்காரரை மட்டும் பார்த்தால் பூஜ்யம். நாலு பேரில் யாருடைய நிலைமை மோசம் என்று இந்த எண்களில் எதுவும் சொல்லவில்லை.

ஊர்க் கணக்கிலும் இதே கதைதான். 2023-24 ஆய்வின்படி கேரளத்தில் இளைஞர் வேலையின்மை 29.9 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 2.6 சதவீதம். கேரள இளைஞர்கள் வேலை தேடி போபாலுக்கு ரயில் ஏறுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேரளத்தில் பெண்பிள்ளைகள் உட்படப் பெரும்பாலானோர் படிக்கிறார்கள், படித்ததற்கேற்ற வேலையைத் தேடுகிறார்கள், தேடும்வரை சோறு போட வீட்டில் வளைகுடாப் பணமோ ஒரு பென்ஷனோ இருக்கிறது. ம.பி. கிராமத்தில் நிலம் கையளவாக இருந்தாலும் அதில் இறங்கியாக வேண்டும். இறங்கிவிட்டால் 'வேலையில் இருப்பவர்'.

வெளிநாட்டு எண்ணைப் படிக்கும்போதும் கீழே எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. 2013-ல் ஸ்பெயினில் இளைஞர் வேலையின்மை 55 சதவீதத்தைத் தாண்டியது என்றதும், அங்கே பாதிப் பேர் தெருவில் நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டோம். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையும் சேர்த்து மொத்த இளைஞர்களால் வகுத்தால், ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் வரும். அதுவும் பெரிய துயரம்தான், ஆனால் படம் வேறு.

யாரால் காத்திருக்க முடியும்

வேலையில்லாக் காலத்தில் ஓரளவு வாழும்படி பணம் கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் பெரும்பாலான இளைஞர்களுக்குக் கிடையாது. அதனால் சும்மா இருப்பதற்கே ஒரு வசதி வேண்டும். சேமிப்போ அப்பா சம்பளமோ இல்லாத வீட்டுப் பையன் 17 வயதில் கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறான். நாள் கூலி குறைவு, பி.எஃப் கிடையாது, கையில் அடிபட்டால் கேட்க ஆள் இல்லை. ஆனாலும் வேலையின்மைக் கணக்கில் அவன் பிரச்சினையில்லாத ஆள். 3.4 சதவீதம் என்ற எண் இப்படிப்பட்ட அவசரத்தால் ஆனது. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது அநியாயம்.

பட்டதாரியின் காத்திருப்புக்கு வேறு காரணம் உண்டு. அவர் கண்முன்னால் இருக்கும் இரண்டு வகை வேலைகளுக்கு நடுவே பள்ளம் மிகப் பெரியது. தமிழக அரசில் இளநிலை உதவியாளருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி, வேலை நிரந்தரம், கல்யாணச் சந்தையில் அதற்கு இருக்கும் மதிப்பைச் சொல்லவே வேண்டாம். அதே பட்டதாரிக்குச் சிறு நகரத்தில் ஒரு தனியார் அலுவலகம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் தந்தால் அதிகம். ஐடி நிறுவனங்களில்கூட ஃப்ரெஷர் சம்பளம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் பள்ளம் இருக்கும்வரை இரண்டு மூன்று வருடம் தேர்வெழுதிப் பார்ப்பது முட்டாள்தனம் ஆகாது. நிகழ்தகவு குறைவு, பரிசு பெரிது.

எவ்வளவு குறைவு? 2024-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு 300 பேருக்கு மேல் மோதினார்கள்.

சரி, அரசு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டால் இந்தக் கூட்டம் கலைந்து வேறு வேலைக்குப் போய்விடுமா? போய்விடும் என்றுதான் தோன்றும். தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. 2001 முதல் 2006 வரை நிதி நெருக்கடியைச் சொல்லித் தமிழக அரசு புதிய ஆளெடுப்பைப் பெருமளவு நிறுத்தி வைத்தது. பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கள் அந்தக் காலத்தில் கல்லூரி முடித்த ஆண்களை மற்ற தலைமுறைகளோடும் மற்ற மாநிலங்களோடும் ஒப்பிட்டார். அவர்களிடம் வேலையின்மை கூடியிருந்தது. கதவு மூடியிருந்தபோதும் பலர் வாசலிலேயே நின்றார்கள்; என்றாவது திறக்கும், அன்று நாம் தயாராக இருக்க வேண்டும் என்று கூடுதலாகப் படித்தார்கள். பத்தாண்டு கழித்தும் அந்தத் தலைமுறையின் சம்பாதிக்கும் திறன் குறைவாக இருந்தது, தனிக்குடும்பம் அமைவதும் தள்ளிப்போயிருந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை வெளியே எந்த முதலாளியும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. என்னைக் கேட்டால், தேர்வு எழுதும் பிள்ளைகளைத் திட்டுவதைவிட, அரசு தன் ஆளெடுப்பு அட்டவணையை வருடா வருடம் ஒழுங்காக நடத்துவது பெரிய உதவியாக இருக்கும். எப்போது அறிவிப்பு வரும் என்று தெரியாத நிலைமைதான் ஒரு வருடக் காத்திருப்பை ஐந்து வருடம் ஆக்குகிறது.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் பழையது. 1945-ல் இலவசக் கல்வி வந்தது. பள்ளி வேகமாகப் பரவியது. பொருளாதாரம் அந்த வேகத்தில் வளரவில்லை. படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்களின் கோபம் 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியாக வெடித்தது. அதே ஆண்டு பொருளாதார அறிஞர் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழு ஒன்று இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. படிப்பு வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்பது அது சொன்ன முக்கியமான விஷயம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2017-ல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் அரச நியமனம் கேட்டு நாட்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கங்களும் தேர்தலை ஒட்டிப் பட்டதாரிகளை மொத்தமாகப் பயிலுநர்களாக எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நியமனமும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நமக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அடுத்த தொகுதிக்கு விட்டுவிட்டுப் போகிறது.

டிகிரி என்ன செய்கிறது

படிப்பு ஏன் வேலை வாங்கித் தருகிறது என்பதற்குப் பொருளாதாரத்தில் மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, கேரி பெக்கர் 1964-ல் விரிவாக எழுதிய மனித மூலதனக் கருத்து. படிப்பு ஆளின் திறமையைக் கூட்டுகிறது, திறமைக்கு முதலாளி சம்பளம் தருகிறார். கேட்க நன்றாக இருக்கிறது, நர்சிங், சி.ஏ., வெல்டிங் போன்றவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் சொன்னது. பின்னால் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விண்ணப்பிக்கும் ஆளைப் பற்றி முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. கஷ்டமான படிப்பை முடித்தவர் என்றால் பொறுமையும் கற்கும் திறனும் இருக்கும் என்று அவர் ஊகிக்கிறார். விண்ணப்பித்தவர் படித்தது வேலைக்கு உதவாவிட்டாலும் பரவாயில்லை, சான்றிதழே ஒரு சமிக்ஞை. கேம்பஸ் இன்டர்வியூ சுற்றறிக்கையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. சிவில் படித்தவரையும் பயோடெக் படித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, எடுத்த பிறகு நாலு மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்த நிறுவனங்கள் எத்தனையோ! அவர்கள் டிகிரியைப் பாடத்துக்காகப் பார்க்கவில்லை. ஐந்து லட்சம் பேரில் யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது.

மூன்றாவதுதான் நம் ஊருக்கு மிக நெருக்கமானது. 1970-களில் லெஸ்டர் தூரோ சொன்ன வரிசைக் கருத்து. வேலைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட நிலையானது. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதிகம் படித்தவர் முன்னால் நிற்கிறார். எல்லோரும் இன்னொரு டிகிரி வாங்கினால் வரிசை நகராது, ஒவ்வொருவரும் தன் இடத்தைத் தக்கவைக்கக் கூடுதலாகச் செலவு செய்ததுதான் மிச்சம். குரூப் 4 தேர்வுக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அதில் பி.இ.யும் எம்.எஸ்சி.யும் உட்கார்ந்து எழுதும்போது, பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர் அந்த வரிசையிலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்றப்படுகிறார். 2019-ல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் கேட்டபோது விண்ணப்பித்த சுமார் 7,000 பேரில் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் ஏராளம். செய்தி வந்த அன்று எல்லோரும் பட்டதாரிகளுக்காக வருத்தப்பட்டார்கள். பட்டதாரி அந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஏற்கனவே ஒப்பந்தத்தில் பெருக்கிக்கொண்டிருப்பவர் எங்கே போவார் என்று கேட்டவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இந்த வரிசை இந்தியாவின் மற்ற பல இடங்களைவிட நீளம். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 18 முதல் 23 வயதினரைக் கணக்கில் கொண்ட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. இது பெருமைப்பட வேண்டிய சாதனை. கூடவே, டிகிரி என்பது தனி அடையாளமாக இருந்த காலம் போய்விட்டது என்பதும் இதன் அர்த்தம். டிகிரி இருந்தால் வேலை நிச்சயமில்லை. இல்லாவிட்டால் பல வேலைகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. மேலே உள்ள 29.1-ஐக் காட்டிப் பிள்ளையைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

25 வயதிலும் 35 வயதிலும்

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் வயது வாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதத்துக்கும் மேல். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் 5 சதவீதத்துக்கும் கீழ். அப்படியானால் ஆபத்து டிகிரியோடு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நுழைவாயிலில் குவிந்திருக்கிறது.

இங்கே ஒப்பீட்டிலேயே ஒரு கோணல் உண்டு. 23 வயதுப் பட்டதாரி வேலைச் சந்தைக்குள் வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற 23 வயதுக்காரர் வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. நாலு வேலை மாறி ஒன்றில் காலூன்றியவரையும் இப்போதுதான் முதல் வேலை தேடுகிறவரையும் ஒரே வயது என்பதற்காகப் பக்கத்தில் நிறுத்துகிறோம். வயதை விட்டுவிட்டு, படிப்பை முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்து ஒப்பிட்டால் இடைவெளி குறையும்.

அதற்காக 42 எப்படியும் 5 ஆகிவிடும் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. இன்று 35 தாண்டியவர்கள் பட்டதாரிகள் குறைவாக இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர்கள். சிலர் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்; எம்.பி.ஏ. முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்கிறவர் 'வேலையில் இருப்பவர்' பட்டியலில்தான் வருவார். சிலர் தேடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்படி நிறுத்தியவர்களில் பெண்கள் அதிகம். 2022 கணக்கில் பட்டதாரி இளம் ஆண்களின் வேலையின்மை 26.4 சதவீதம், பெண்களுடையது 34.5. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்று தோன்றும்; உண்மையான வித்தியாசம் இதைவிடப் பெரியது. ஏனென்றால் கடைசி பஸ் எட்டு மணிக்கு, ஹாஸ்டல் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை என்று ஒதுங்கிய பெண்கள் அந்த 34.5-ல் இல்லவே இல்லை. ஒரு பெண் தேடுவதை நிறுத்தும் நாளில் வேலையின்மை விகிதம் கொஞ்சம் குறைகிறது. விகிதம் குறைந்தது என்று அமைச்சர் பேட்டி கொடுக்கும்போது நான் முதலில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு என்ன ஆயிற்று என்றுதான் தேடுவேன்.

எந்த வருடம் படிப்பை முடித்தோம் என்பதும் சேரும். இது முழுக்க அதிர்ஷ்டம். மந்த நிலையில் கல்லூரி முடித்தவர்களைக் கனடாவில் நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், அவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அது பாதியானது. மறைய பத்து வருடம் ஆனது. மீண்டவர்கள் பெரும்பாலும் சிறிய நிறுவனத்தில் தொடங்கி நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்கள். ஜப்பானில் அப்படி மாறவும் வழி குறைவு. பெரிய நிறுவனங்கள் அந்தந்த வருடம் படித்து முடிப்பவர்களை மொத்தமாக ஏப்ரலில் சேர்க்கும் பழக்கம் அங்கே. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது அந்த வாசலைத் தவறவிட்டவர்கள் பலர் தற்காலிக வேலைகளிலேயே காலம் தள்ளினார்கள். அவர்கள் முப்பதுகளின் நடுவையும் நாற்பதுகளையும் எட்டிய பிறகு, 2019-ல் அரசு அவர்களுக்கென்றே தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. இங்கேயும் 2023-24-ல் பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றில் மொத்த ஊழியர் எண்ணிக்கையே குறைந்தது. அந்த வருடம் வெளியே வந்த பிள்ளைகளிடம் "உன் சீனியருக்குக் கிடைச்சுதே, உனக்கு ஏன் கிடைக்கலை?" என்று கேட்பது கொடுமை.

ஜெர்மனியில் என்ன வேறு

ஸ்பெயினில் இளைஞர் வேலையின்மை 55-ஐத் தாண்டிய அதே 2013-ல் ஜெர்மனியில் அது 8 சதவீதத்துக்கும் கீழே. ஸ்பெயினில் 2008-க்கு முன் கட்டுமானத் தொழில் கொழித்தது. பையன்கள் பள்ளியை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கு ஓடினார்கள், சம்பளமும் நன்றாக வந்தது. வங்கிகள் சரிந்து கட்டுமானம் நின்றபோது கையில் சான்றிதழும் இல்லை, வேறு தொழிலும் தெரியவில்லை. படிக்காதவர்களுக்கு வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்ற நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் உடையும் என்பதற்கு இது சாட்சி.

ஜெர்மனியில் பள்ளி முடிக்கும் இளைஞர்களில் பெரும்பகுதி இரட்டைப் பயிற்சி முறையில் சேர்கிறது. வாரத்தில் மூன்று, நாலு நாள் ஒரு நிறுவனத்தில் வேலை. மீதி நாள் தொழிற்பள்ளி. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் முந்நூறுக்கும் மேல். மெக்கட்ரானிக்ஸ் முதல் பேக்கரி, வங்கி எழுத்தர் வரை. இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. நிறுவனம் உதவித்தொகை தருகிறது. கடைசியில் தேர்வு நடத்துவது தொழில் வர்த்தக சபை. முடிப்பவர்களில் நாலில் மூன்று பேர் அளவுக்குப் பயிற்சி கொடுத்த இடமே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. 'அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம்' என்ற சிக்கலே அங்கே எழுவதில்லை. படிக்கும்போதே வேலைக்குள் நுழைந்தாகிவிட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. எரிக் ஹனுஷேக்கும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளை ஒப்பிட்டுச் சொன்னது: தொழிற்கல்வி பெற்றவர்கள் தொடக்கத்தில் எளிதாக வேலை பெறுகிறார்கள், ஐம்பது வயதை நெருங்கும்போது தொழில்நுட்பம் மாறிவிட்டால் பொதுக்கல்வி பெற்றவர்களைவிடச் சிரமப்படுகிறார்கள். நுழைவாயில் ஆபத்தைக் குறைத்தால் பிற்கால ஆபத்து கொஞ்சம் கூடுகிறது.

நம்மிடம் 1961-லிருந்தே அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது, ஊருக்கு ஊர் ஐடிஐ இருக்கிறது. இல்லாதது, பயிற்சியைத் தன் வேலை என்று நினைக்கும் முதலாளிகள். பல இடங்களில் அப்ரண்டிஸ் என்றால் ஒரு வருடத்துக்குக் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் ஆள். அந்த வருடம் முடிந்ததும் அடுத்த பேட்ச் வந்துவிடும். கோவையிலோ ஓசூரிலோ பட்டறை நடத்துகிறவரைக் கேட்டால் ஃபிட்டருக்கும் சிஎன்சி ஆபரேட்டருக்கும் ஆள் கிடைக்கவில்லை என்பார். எவ்வளவு சம்பளம் தருகிறீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

காலேஜ் சேர்க்கும்போது கேட்க வேண்டியவை

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த விளக்கத்தை எங்கே பயன்படுத்துவது? முதலில் கல்லூரி விளம்பரத்தில். '90 சதவீதம் பிளேஸ்மெண்ட்' என்று போட்டிருந்தால் எதால் வகுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு துறையில் 120 பேர் சேர்ந்தார்கள். அரியர் இல்லாமல் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் 70 பேர். அவர்களில் பிளேஸ்மெண்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 60. அதில் 54 பேருக்கு ஆஃபர் வந்தது. விளம்பரத்தில் இது 90 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 45. உங்கள் பிள்ளை சேரப்போவது 120-ல் ஒருவராக. 60-ல் ஒருவராக இருப்பார் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

அடுத்து, அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பேனரில் போட்டோவோடு இருப்பது ஒரே ஒருவரின் சம்பளம். ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஜாயினிங் தேதி வந்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. போன வருட மாணவர்கள் நாலு பேரின் போன் நம்பர் கிடைத்தால் கல்லூரி அலுவலகத்தைவிட அவர்களிடம் தெளிவான பதில் வரும். அந்த ஊரில் அந்தத் துறைக்கு வேலை தரும் தொழில் இருக்கிறதா, மூன்றாம் வருடத்துக்குள் ஒரு மாதமாவது உள்ளே போய் வேலை பார்க்க ஏற்பாடு உண்டா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அரசுத் தேர்வு எழுதுவதென்று முடிவு செய்தால், எத்தனை முயற்சி, எந்த வயதுவரை என்று பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் தேர்வில் இரண்டு மார்க்கில் போய்விட்ட பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எந்த வீட்டிலும் முடிவுக்கு வராது.